சித்தப்பா குடிக்காத தண்ணீர்

எங்கள் வீட்டு அடுக்களை அலமாரியில் ஒரு பித்தளைச் செம்பு இருக்கிறது. அதன் இடுப்பில் ஒரு நசுங்கல். அப்பா ஒருநாள் கோபத்தில் அதை விட்டெறிந்ததால் வந்தது. அது சித்தப்பாவின் செம்பு. வேறு யார் வந்தாலும் அம்மா டம்ளரில்தான் தண்ணீர் கொடுப்பாள்.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். வானம் பார்த்த பூமி. அங்கிருந்து முதன்முதலில் இஞ்சினியர் ஆனவர் அவர்தான். அப்பா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பருத்தியும் மிளகாயும் போட்டு அவரைப் படிக்க வைத்தார். மின்சாரத் துறையில் வேலைக்குச் சேர்ந்த சித்தப்பா, கம்பம் ஊன்றுகிறவர்களோடு தானும் வெயிலில் நிற்பவர். புயலடித்த ஊர்களுக்கு முதல் லாரியில் ஏறிப் போவார். சுற்றுப்பட்டியில் விளக்கெரியாத தெரு இல்லை என்று ஆனதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. மறுத்தால் என் நாக்கு அழுகிப்போகும்.

எங்கள் கிணற்றில் மோட்டார் வைக்க இலவச மின் இணைப்புக் கேட்டு அப்பா மனுப் போட்டிருந்தார். பதிந்த வரிசைப்படிதான் கொடுப்பார்கள், வருசக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். அந்த நேரத்தில் சித்தப்பா எங்கள் பகுதிக்கே பொறியாளராக வந்தார். “எந்தம்பி வந்துட்டான்ல, இனி இந்தக் கெழட்டு இஞ்சினத் தூக்கி எறிஞ்சிருவோம்” என்று அப்பா தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். சித்தப்பா வீட்டுக்கு வந்தார். அம்மா செம்பை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“எங்கிட்ட மனு கெடக்குற வீட்டுல நான் கை நனைக்கிறதில்ல மதினி. வரிசை வரட்டும், வந்து விருந்தே சாப்பிடுறேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எங்கள் பக்கத்தில் பகையாளி வீட்டில்தான் கை நனைக்க மாட்டார்கள். உறவு அறுந்துபோன வீட்டில்தான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்புவார்கள். அந்த மண்ணில் பிறந்தவருக்கு இது தெரியாதா? மற்றவர்களிடம் கடைப்பிடித்த விதியை அண்ணன் வீட்டு வாசலுக்கும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். 

அடுத்த வருசம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. பாரமான வேலை ஆகாது என்று அருப்புக்கோட்டை டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். எங்களிடம் இருந்ததோ ஆயில் இஞ்சின். அதன் கைப்பிடியை மூச்சைப் பிடித்துச் சுற்றினால்தான் கிளம்பும். அதைச் சுற்ற எனக்கு அப்போது வயசு பத்தாது. மின்சார மோட்டார் என்றால் பச்சைப் பொத்தானை ஒரு விரலால் அமுக்கினால் போதும். அம்மா பஸ் ஏறி, பாளையம்பட்டியில் இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போனாள். “அவுக நெஞ்சு தாங்காது தம்பி, எப்படியாவது லைனக் குடுத்துருங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

“அண்ணனுக்கு முன்னால பதிஞ்சு காத்திருக்குறவுகளும் மனுசங்கதான மதினி” என்றார் சித்தப்பா. இந்தப் பதிலில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அதனால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

மறுநாள் விடிந்தபோது சித்தப்பாவின் பைக் தோட்டத்தில் நின்றது. சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு அவரே இஞ்சினைச் சுற்றினார். வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு தினமும் வந்தார். வேர்த்து விறுவிறுத்து நிற்பவரிடம் அம்மா செம்பை நீட்டுவாள். வேண்டாமென்று தலையசைப்பார். பைக்கில் தொங்கும் பாட்டில் தண்ணீரை எங்கள் வேலி தாண்டியபிறகு நிறுத்திக் குடிப்பார். ஊரே பார்த்தது, அப்பாவும் பார்த்தார். ஒருநாள் அம்மா கையிலிருந்த செம்பைப் பிடுங்கி விட்டெறிந்தார்.

“ஏலே, என் வீட்டுத் தண்ணி என்ன விசமா? எங்கிட்டத் தண்ணி வாங்கிக் குடிக்காதவன் என் இஞ்சினத் தொடக்கூடாது. போலே!”

சித்தப்பா கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டுப் போனார். அவர் ஒரு மடக்குக் குடித்திருந்தால் தீர்ந்திருக்கும். அப்பா வாயை அடக்கியிருந்தாலும் தீர்ந்திருக்கும். இரண்டும் வீம்பு பிடித்த கட்டைகள்! கொஞ்ச நாளில், தானே இஞ்சினைச் சுற்றப்போன அப்பா, கைப்பிடியைப் பிடித்தபடியே சாய்ந்தார். மிளகாய்ச் செடி பூத்து நின்ற நேரம்.

சித்தப்பா தலைமாட்டில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். “தனக்கு மிஞ்சித்தாண்டா தானமும் தருமமும்” என்று பங்காளி ஒருவர் அவர் காதில் விழும்படியே சொன்னார்.

பிறகு சித்தப்பா மாற்றலாகிப் போனார். அவர் போனதும், எங்களுக்குப் பின்னால் பதிந்தவர்கள் சிலருக்குச் சிபாரிசில் கம்பி ஓடியது. எங்கள் வரிசை அது வரும்போதுதான் வந்தது. புது மோட்டாரை ஓட விடும்போது தேங்காய் உடைத்து, வீட்டுக்கு மூத்தவரைப் பொத்தானை அமுக்கச் சொல்வது வழக்கம். அம்மா சித்தப்பாவுக்கு ஆள் அனுப்பினாள். அவர் வந்து அமுக்கினார். குழாயில் குபுகுபுவென்று தண்ணீர் கொட்டியது. அம்மா நசுங்கிய செம்பை அதில் பிடித்து அவரிடம் நீட்டினாள்.

“வரிசை வந்துருச்சுல்ல தம்பி. இப்பக் குடிங்க.”

வாங்கி, அண்ணாந்து முழுவதையும் குடித்தார். சட்டையெல்லாம் நனைந்துவிட்டது.

அவர் ஓய்வு பெற்றபோது ஒரு மண்டபத்தில் விழா எடுத்தார்கள். சால்வையும் மாலையுமாக ஒரே அமர்க்களம். பேசவந்த ஒருவர், “கூடப் பிறந்த அண்ணனுக்கே வரிசை மீறி லைன் கொடுக்காத உத்தமர்” என்றார். மண்டபமே கைதட்டியது. அட பாவிகளா! அந்த அண்ணன் பெண்டாட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா தலை நிமிரவே இல்லை. இலை போடுவதற்குள் அம்மா எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். அங்கே நாங்கள் கை நனைக்கவில்லை.

இப்போது எங்கள் தோட்டத்தைச் சுற்றிச் சூரிய மின் தகடுகள். கிணற்றடியில் நின்றால் கண் கூசுகிறது. அப்பா காத்திருந்து செத்த மின்சாரம் இன்றைக்கு வேலிக்கு அந்தப் பக்கமே விளைந்து எங்கேயோ போகிறது. சித்தப்பா அவ்வப்போது வருவார். வந்ததும் அம்மா செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பாள். தாகமா என்று கேட்டதில்லை. அவரும் மிச்சம் வைத்ததில்லை. அதைத் தண்டனை என்று சொல்வது நான்தான்.

இப்போது அவருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்தப் பொங்கலுக்கு, முகமெல்லாம் வீங்கி வந்து உட்கார்ந்தார். அம்மா செம்பைக் கொண்டுவந்தாள். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“என்ன மதினி, பாதிதான் இருக்கு?”

“அம்புட்டுப் போதும் தம்பி. டாக்டரு சொன்னதக் கேளுங்க.”

சித்தப்பா குடிக்கவில்லை. செம்பை அம்மாவிடமே நீட்டினார்.

“அண்ணன் வீட்டுத் தண்ணி. நெறச்சே குடுங்க.”

அம்மா என்னைப் பார்த்தாள். வேண்டாமென்று தலையசைத்தேன். அவள் உள்ளே போய், விளிம்பு வரை நிறைத்துக்கொண்டு வந்தாள்.