உள்ளே எடுத்த ரோடோடென்ட்ரன்

பூங்கன்று விற்கிறவனுக்கு வைகாசியில் கிடைக்கிற நல்ல பெயர், அடுத்த பங்குனியில் பனி கரையும்போது அதோடு சேர்ந்து போய்விடும். ரொறன்ரோக் குளிரில் ரோடோடென்ட்ரன், அசேலியா என்ற பூச்செடிகளை வளர்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்களே, நானும் உங்களில் ஒருவன்தான். தொண்ணூறுகளில், ரொறன்ரோவுக்குப் பக்கத்துப் பிக்கரிங்கில் ஒரு பூங்கன்று நேர்சரியில் ஏழு வருடம் இவற்றை விற்றேன்.

சாம்பல்

முதல் வருடம் ஓர் அசேலியாவை வீட்டுக்குக் கொண்டுபோய் நட்டேன். ஊரில் வாழைக்கும் கத்தரிக்கும் அடுப்புச் சாம்பல் போட்ட கை சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டில் சாம்பல் கேட்டு வாங்கி வேரடியில் தாராளமாகக் கொட்டினேன். இந்தச் செடிகளுக்குப் புளிப்பு மண், அதாவது அமில மண் வேண்டும், சாம்பல் அந்தப் புளிப்பைப் போக்கிவிடும் என்பது யாருக்குத் தெரியும்? ஆடியில் இலை மஞ்சளானது, ஆவணியில் விறகானது.

முதலாளி ஒல்லாந்திலிருந்து வந்த கிழவர், சிரிக்கத் தெரியாதவர். செத்ததை நேர்சரிக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது வேரைப் பிய்த்து முகர்ந்துவிட்டுச் சொன்னார்: "இது பசியில் சாகவில்லை. நீ ஊட்டித்தான் செத்தது."

ஒரு வாய்ச்சொல்

மில்லிக்கனில் புதுவீடு வாங்கிய செல்வரத்தினம் அண்ணை ஐப்பசிக் கடைசியில் வந்தார். மனைவிக்குப் புற்றுநோய், வைத்தியர்கள் கைவிட்டுவிட்டார்கள். கட்டிலை முன்னறை யன்னலடியில் போட்டிருக்கிறாராம். மனைவி படுத்தபடியே பார்க்க ஏதாவது பூக்கவேண்டும்.

மொட்டு நிறைந்த ரோடோடென்ட்ரன் ஒன்றைக் கொடுத்தேன். நிலத்தில் நடக் காலம் பிந்திவிட்டது, சாடியோடு சுவரோரம் வைத்துச் சாக்குச் சுற்றினால் வைகாசியில் பூக்கும் என்றேன். பின்னால் ஆட்கள் காத்து நின்ற அவசரத்தில், "குளிர் படாமல் பாருங்கோ அண்ணை" என்று சொல்லி முடித்துவிட்டேன். உண்மையில் அந்தச் செடிக்குக் குளிர் வேண்டும், குளிர்காற்றுத்தான் ஆகாது. அதை விளக்க ஒரு நிமிடம் போதும், நான் விளக்கவில்லை.

அவர் சாடியைக் காரின் முன் சீற்றில் இருத்திப் பெல்ற்றும் கட்டிவிட்டுத் திரும்பிக் கேட்டார்: "வைகாசிக்கு முந்திப் பூக்கிறமாதிரி ஒண்டும் இல்லையோ தம்பி?"

இலை சுருண்ட நாள்

கடுங்குளிரில் ரோடோடென்ட்ரன் இலைகளைச் சுருட்டித் தொங்கவிடும். அது உயிர் காக்கச் செய்கிற வேலை, பார்க்கிறவர்களுக்குத்தான் செடி சாகிறமாதிரித் தெரியும். தை நடுவில், சாக்குக்கு மேலால் தெரிந்த இலைகளை அண்ணையின் மனைவி யன்னலால் பார்த்திருக்கிறார். அண்ணை உடனே சாடியை உள்ளே தூக்கி, கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில், ஹீற்றரடியில் வைத்துவிட்டார். எங்கள் வீடுகளில் கறிவேப்பிலை அப்படித்தானே குளிர்காலம் தாண்டுகிறது.

அவர் போனில் சொன்னபோது பத்து நாள் கடந்திருந்தது. சூட்டில் உறக்கம் கலைந்த செடி இனி வெளியே வைத்தால் குளிரில் சாகும், உள்ளே வைத்தால் ஹீற்றர் சூட்டில் காய்ந்து சாகும். என் பிழை என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. ஏன் உள்ளே எடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"நீங்கள்தானே குளிர் படாமல் பாக்கச் சொன்னனீங்கள். அவவும், 'பாவம், அதுக்குக் குளிருது, உள்ளுக்கு எடுங்கோ' எண்டவ."

திருப்பிக் கொண்டுவந்த செடி

செத்த செடியை ஒரு வருடத்துக்குள் வேரோடு கொண்டுவந்தால் புதியது கொடுப்பது எங்கள் வழக்கம். வைகாசியில் அந்த வரிசை நீளம். அதில் செல்வரத்தினம் அண்ணை நின்றார், கையில் காய்ந்த ரோடோடென்ட்ரன். மனைவி பங்குனியில் காலமாகிவிட்டாராம்.

தையில் வராத சொல்லை அன்று சொன்னேன். "அண்ணை, பிழை என்னில. அதை வெளியிலயே விடச் சொல்லியிருக்கவேணும்." சொல்லிக்கொண்டே நல்ல கன்றாக ஒன்றைத் தூக்கினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மாத்த வரேல்லைத் தம்பி, உங்களுக்குக் காட்டத்தான் கொண்டுவந்தனான். மாசியில ரெண்டு பூ பூத்தது. வெளியில ஒரே ஸ்னோ, அவ கட்டிலில இருந்து பாத்தவ. வைகாசி வரைக்கும் வெளியில விட்டிருந்தா ஆர் பாத்திருப்பினம்?"

அதற்குப் பிறகும் எல்லாரிடமும் "வெளியிலயே விடுங்கோ" என்று அடித்துச் சொல்லித்தான் விற்றேன், ஆனால் யாருக்காக வாங்குகிறார்கள், எப்போது பூக்கவேண்டும் என்று முதலில் கேட்ட பிறகு.