தாழ்ந்த கிளையில் ஒரு நாரை

செலியமேட்டில் ஏரி மதகு பார்க்கும் கண்ணையனுக்கு வானிலை அறிக்கை என்றாலே இளக்காரம். டிவியில் மேகப்படம் காட்டும்போதே எழுந்து போய்விடுவான். அவனுக்குத்தான் நாரைகள் இருந்தனவே! மழைக்காலம் தொடங்கும்போது எங்கிருந்தோ வந்து, ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டும். உச்சிக்கிளையில் கட்டினால் மழை வெளுத்து வாங்கும் என்று மதகைத் திறந்து வைப்பான். தாழ்ந்த கிளையில் கட்டினால் மழை குறைவு என்று இறுக மூடி, வருகிற தண்ணீரைச் சேர்ப்பான். அவன் அப்பாவும் அப்படித்தான் செய்தார். ஊரும் அவன் பேச்சைக் கேட்டே நாற்று விட்டது.

போன வருஷம் நாரைகள் தண்ணீரை ஒட்டிய கிளைகளிலேயே கட்டின. கண்ணையன் யோசிக்கவில்லை, மூடிவிட்டான்.

கார்த்திகையில் புயல் வந்தது. ஒரு மாத மழை ஒரே பகலில் கொட்டித் தீர்த்தது. அவன் ஓடிப்போய்ப் பார்த்தபோது தண்ணீர் கரையின் விளிம்பில் தளும்பியது. கரைக்குக் கீழேதான் அவன் தெரு. மனைவி செல்வகுமாரி போனில் அலறினாள்.

"ஏங்க, வூட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சிங்க! கரை நிக்குமா நிக்காதா? சொல்லித் தொலைங்க!"

அவன் போனை மடியில் செருகினான். மதகைத் திறக்கத் திருகைச் சுற்றினான். கண்ணெதிரே கூடுகள் மிதந்து வந்தன. ஒன்றில் இறகு முளைக்காத குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மேலே தாய் நாரைகள் சுற்றிச் சுற்றி வந்தன, இறங்க இடமில்லை.

கரை தப்பியது. ஒரு கூடுகூடத் தப்பவில்லை. மறுநாளே நாரைகள் போய்விட்டன.

பக்கத்து நிலத்துக்காரர் உலகநாதன் தேறுதல் சொன்னார். "பறவையே ஏமாந்து போச்சி. நீ இன்னா பண்ணுவ கண்ணையா?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். பறவைக்கே தெரியவில்லை என்றால் இனி யாருக்குத் தெரியும்? அன்றிலிருந்து மேகம் கறுத்தாலே மதகுக்கு ஓடினான். டிவி முன்னால் உட்காரப் பழகினான். அதுவும் காலையில் ஒன்று சொன்னது, மாலையில் வேறொன்று சொன்னது.

இந்த வருஷமும் நாரைகள் வந்தன. ஒன்று அலகில் சுள்ளியோடு அதே தாழ்ந்த கிளையில் இறங்கியது. திருகில் கை வைத்த கண்ணையனுக்கு அதை மூடவும் பயம், திறந்து வைக்கவும் பயம். கூட்டருகே கல் எறிந்தவர்களை இத்தனை வருஷம் விரட்டி அடித்தவன், கரையோரம் ஓடிக் கைதட்டிக் கத்தினான்.

"மேல போ! மேல போய்க் கட்டு!"

நாரை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு சுள்ளியை அந்தக் கிளையிலேயே வைத்தது.