அத்தை கேட்ட ஏசல்

எனக்குக் குரல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. வாய் இருந்தது. எழுபதுகளின் கடைசியில், திருவண்ணாமலைக் கல்யாணங்களில் நலங்குப் பாட்டுக்கு அது போதும். மத்தியானச் சாப்பாடு முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே பாயில் உட்கார்ந்து தேங்காய் உருட்ட ஆரம்பித்ததும், பெண் வீட்டுப் பக்கம் நாங்கள் ஏசல் பாடுவோம். மாப்பிள்ளை வீட்டாரை ஒவ்வொருவராகப் பிடித்துக் கிண்டல் செய்கிற பாட்டு. அவர்களும் சளைக்காமல் திருப்பிப் பாடுவார்கள். அந்த ஒரு மத்தியானம் சம்பந்திகளை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. இப்படி ஒரு ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

கூட்டம் என்றால் நானும் அடுத்த வீட்டு டோலக் அக்காவும்தான். மற்றவர்கள் கைதட்ட வருவார்கள். அக்கா முஸ்லிம் வீட்டுப் பெண். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் உட்கார்ந்து டோலக் அடித்துப் பாடுவது வழக்கம். அந்த டோலக் எப்படியோ எங்கள் கல்யாணங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

கேட்ட பாட்டை இல்லை என்று சொல்வதில்லை என்பது என் வீம்பு. என்னென்னமோ கேட்பார்கள். பந்தி பரிமாறியவர் கரண்டியும் கையுமாக வந்து, "எங்க மேல ஒண்ணும் இல்லையா?" என்பார். மாப்பிள்ளைத் தோழன் சினிமாப் பாட்டு கேட்பான். அதே மெட்டில் அவனுடைய பெல்பாட்டத்தைப் பற்றிப் பாடிவிடுவேன், எழுந்து போய்விடுவான். அடுத்த அடி வராமல் நான் முழித்தால் அக்கா டோலக்கில் புகுந்து விளையாடுவாள். "நீ யோசி, நான் கீறேன்" என்று அவள் கண் சொல்லும். சபை அதையும் பாட்டில் சேர்ந்தது என்று நினைத்துத் தலையாட்டும்.

அந்தக் கல்யாணம் ஒத்தவாடைத் தெருச் சத்திரத்தில் நடந்தது. பெண் எங்கள் தெரு. மாப்பிள்ளை வீட்டார் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்து இறங்கியிருந்தார்கள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை மூட்டையாக விளைகிற ஊர். விடுவேனா?

மல்லாட்டை மூட்டை போல மாமனாரு வந்தாரு
மாமா வந்த பஸ்ஸு அச்சு ரெண்டும் மடங்கிப்போச்சு பாருங்க

வாசற்படியில் நின்றிருந்த மாமனாரே தொந்தி குலுங்கச் சிரித்தார். அடுத்து மாமியாரின் சவுரி முடி, மலை சுற்றக் கிளம்பிப் பாதியில் குதிரை வண்டி ஏறிய மாப்பிள்ளை என்று ஆளுக்கொரு பாட்டு. சிரித்துச் சிரித்து எனக்கே வயிறு வலித்தது. "போதும்டி, இனிமே திட்டறதுக்கு ஆளு இல்ல" என்று மணப்பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன், நான் இல்லையா?"

தூணுக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். மாப்பிள்ளையின் அத்தை, மாமனாருக்கு அக்கா. சின்ன வயதிலேயே கணவரை இழந்து தம்பி வீட்டோடு இருப்பவர். மாப்பிள்ளையைத் தூக்கி வளர்த்ததே அவர்தான். தாலி இழந்தவர்கள் நலங்கில் முன்னால் வருவதில்லை. அவர்களை யாரும் ஏசலில் இழுப்பதும் இல்லை. அது மரியாதை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

"எல்லாரையும் திட்டினியேம்மா. நானும் இந்த வூட்டு ஆளுதான். என்னையும் ரெண்டு வார்த்தை திட்டேன்."

"அண்ணி, சும்மா இருங்க. நல்ல காரியத்துல இன்னா இது?" என்றாள் மாமியார். அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தபடிதான் இருந்தார், ஆனால் இரண்டு கையாலும் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் பாடாவிட்டால் அவர் மறுபடி தூணுக்குப் பின்னால் போய்விடுவார், இனி எந்தக் கல்யாணத்திலும் இப்படிக் கேட்க மாட்டார் என்று எனக்குப் பட்டது. பாடினால் சம்பந்திச் சண்டை. சாயங்காலம் அவர்களோடு பஸ் ஏற வேண்டிய பெண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். புகழ்ந்து நாலு வரி பாடி ஒப்பேற்றலாமா என்றுகூடப் பார்த்தேன். ஆனால் அவர் கேட்டது புகழ்ச்சி இல்லையே!

அக்கா யாரையும் கேட்காமல் டோலக்கைத் தட்ட ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, பிறகு பலமாக. மாமியார் என்னவோ சொன்னாள், அந்தச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. அதற்குள் பந்தியில் நான் பார்த்தது ஞாபகம் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிட்டேன்.

மாப்பிள்ளைக்கு அத்தையம்மா பந்தியிலே உக்காந்தா
பாயசத்து அண்டாவுக்குப் படபடன்னு அடிக்குதாம்
ஊத்த வந்த சமையக்காரன் ஓடிப்போயி ஒளிஞ்சானாம்
இன்னும் கொஞ்சம் கேட்டு அத்தை ஏரிவரை தொரத்தினாளாம்

கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. முதலில் சிரித்தது மாப்பிள்ளை. கையிலிருந்த தேங்காய் பாயை விட்டு உருண்டு ஓடியது. பிறகு சத்திரமே சிரித்தது. அத்தை தூணை விட்டு வந்து, மாப்பிள்ளை வீட்டுப் பெண்களை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து, ஓங்கிக் கைதட்டி என்னைத் திருப்பிப் பாடினார்.

பாட்டுக்காரி வாயத் தொறந்தா பல்லிகூட காதைப் பொத்தும்
டோலக்கு இல்லையின்னா தொலைஞ்சுதுடி உன் வேசம்

சிரிப்பில் அக்காவின் கை தாளத்தை விட்டுவிட்டது. அவள் தாளம் விட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். அத்தை நிறுத்தவில்லை. என் மூக்குத்தி, என் நடை என்று ஒவ்வொன்றாக எடுத்து, அது தீர்ந்ததும் சொந்தத் தம்பி பெண்டாட்டியின் சவுரி முடிக்கே திரும்பினார். "அண்ணி, நீங்க எந்தக் கட்சி?" என்று கத்திய மாமியாருக்கும் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அவ்வளவு சந்தோஷமாகத் தோற்றது எனக்கு அதற்கு முன்னால் வாய்த்ததில்லை.

சாயங்காலம் பஸ் கிளம்பும்போது அத்தை என்னைத் தேடி வந்து கன்னத்தை வழித்தார்.

"மூணு தரம்தான் பாயசம் வாங்கினேன். நீ அண்டாவையே கட்டி வுட்டுட்ட" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இத்தினி வருஷமா மரியாதையா ஒதுக்கியே வெச்சிருந்தாங்கம்மா" என்றார்.

அதற்குள் பஸ்ஸிலிருந்து யாரோ, "அத்தை, அண்டா ஏறிடுச்சா?" என்று கத்தினார்கள். "எவன்டா அவன்?" என்று முகமெல்லாம் பல்லாக அதட்டிக்கொண்டே அவர் படி ஏறினார். முன் ஸீட்டில் அவருக்குத் துண்டு போட்டு இடம் பிடித்திருந்தார்கள்.