கொழுந்து மலைக்கு மேல் ஒரு பருந்து

காலை பத்து இருபது. வட்டவளைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலையில் நான் முதலில் பார்த்தது, கொழுந்து எடுக்காமல் அண்ணாந்து நின்ற செல்வியைத்தான். செல்வி என் கணவரின் தங்கை. பறவை பார்ப்பதில் அவளுக்கு அப்படியொரு ஆசை. பார்த்ததையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைப்பாள்.

"ஏன்டி, குருவியா வந்து ஒங்கூடைய நெரப்பும்?" என்றேன். பக்கத்து நிரைப் பெண்கள் சிரித்தார்கள்.

"குருவி இல்ல அண்ணி, பருந்து. மரத்துல இருக்க குளவிக்கூட்டத்தான் சுத்துது. அது கூட்டக் கலைச்சா நம்ம மேலதான் வரும். கூடையப் போட்டுட்டு எல்லாரும் ஓடுங்க!"

மற்றவர்கள் ஓடினார்கள். நிறுவைக்கு அரை மணி நேரமே இருந்தது. என் கூடை பாதிகூட நிறையவில்லை. அதனால் நான் அசையவில்லை. செல்வி திரும்பி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். ரோட்டை அடைந்து பார்த்தபோது பருந்து கூட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் நின்ற நிரையின் மேல் குளவிகள் புகைபோல இறங்கின. எனக்குக் கழுத்தில் இரண்டு கொட்டு. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.

"இதுக்கெல்லாம் நேரம் ஏது?" என்று பதினைந்து வருடமாகச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமையும் மலைக்குப் போனவள் நான். இப்போது ஞாயிறு காலையில் செல்வியோடு ஓடைக்கரைக்குப் போகிறேன். துணி துவைப்பது பிற்பகலில்தான்.

"ரெண்டு பேருக்கும் குருவிப் பைத்தியம் புடிச்சிருச்சு" என்கிறார் கணவர்.

செல்வியின் கொப்பியில் நாற்பத்தொரு பறவைகள் இருக்கின்றன. கடைசி ஆறும் என் கையெழுத்து.