குகதாசன் வீட்டு மேல்மாடிக் கோச்

லண்டன் ஹரோவில் இருக்கிற எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்குப் பயிற்சியாளராக ஒரு ஜப்பான்காரர் வந்தபோது, அவருக்குப் பந்தடிக்கத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. "ஆள் ஆற்றை ஆள்?", யாருடைய பக்கம், என்றுதான் கேட்டார்கள். கழகத் தலைவர் என் அண்ணன் வாமதேவன். நான் நகுலேஸ்வரி, அணியின் ஜெர்சிகளைத் தோய்த்து மடித்துக் கொடுக்கிறவள். கமிட்டியில் எனக்கு இடமில்லை. ஆனால் கமிட்டி கூடுவது என் குசினி மேசையில், அடுப்புக்குப் பக்கத்தில். ஆகவே அவர்கள் பேசுவதெல்லாம் என் காதிலும் விழும், தேத்தண்ணீரும் நான்தான் ஊற்ற வேண்டும்.

லண்டனில் எங்கள் ஆட்களுக்கு, நாட்டில் விட்டுவந்த ஊருக்கொரு கழகம். கோடை வந்தால் ஊர்களுக்கிடையே கிண்ணத்துக்கான போட்டி. எங்களுக்கும், எங்கள் ஊர்க் குளத்துக்கு அங்காலை, மறுகரையிலுள்ள ஊருக்கும் ஆகவே ஆகாது. குளத்தைப் பார்த்தே பல வருடமாகிவிட்டது. பகை மட்டும் எங்களோடு விமானமேறி வந்து சேர்ந்துவிட்டது.

கோச்சின் பெயர் யசுஹிகோ குராமோச்சி. ஜப்பானின் வடக்கே, பனி கொட்டும் ஒரு துறைமுக ஊரில் பிறந்தவர். அங்கே இரண்டாம் டிவிஷனில் இடப்பக்கப் பின்காவல் ஆடியவர். போட்டி மச் ஒன்றில் தலையோடு தலை மோதி விழுந்து, எழும்பித் தொடர்ந்து விளையாடினார். அங்கே அதுதான் வீரம். அடுத்த கிழமையும் தலையில் அடி. அதோடு ஆட்டம் முடிந்தது. இன்றைக்கும் வெளிச்சம் கூடினால் இடது கண்ணை மூடிக்கொள்வார். பயிற்சியாளர் படிப்புக்கு லண்டன் வந்தவர், வார நாட்களில் ஒரு கடையில் மீன் வெட்டுகிறார். இதெல்லாம் ஜெர்சி எடுக்க வந்த ஒருநாள் அவரே என்னிடம் சொன்னது. நான் அண்ணனிடம் சொன்னேன்.

"கதை விடுறான்," என்றார் அண்ணன்.

சந்தேகம் தொடங்கியது இப்படித்தான். பயிற்சிக்கு முன் மைதானத்தைப் பார்த்துக் குனிந்து வணங்குவார். "நிலத்தைக் கும்பிடுறவன் என்னவோ மறைக்கிறான்," என்றார் கமிட்டியில் இருக்கும் றஜீவன். அதற்குமேல் ஒருநாள், அவர் குடியிருப்பது குகதாசன் வீட்டு மேல்மாடியில் என்று தெரியவந்தது. குகதாசன் குளத்துக்கு அங்காலை ஆள், அவர்கள் கழகத்தின் தூண். அதோடு முடிந்ததா? வெஸ்ட் ஈலிங் அம்மன் தேர்த் திருவிழாவில் குகதாசனுக்குப் பக்கத்தில் நின்று கோச் வடம் பிடிக்கும் படமொன்று வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் ஆட்களும் அதே வடத்தைத்தான் பிடித்தார்கள். அதை யார் யோசித்தார்கள்!

அரையிறுதியில் டெனுசனுக்கு அடிபட்டது. டெனுசன் அண்ணனின் ஒரே மகன், பத்தொன்பது வயது, எங்களுக்காக அதிக கோல் அடித்தவன். உயரப் பந்துக்குப் பாய்ந்து எதிராளியின் தலையில் மோதி விழுந்தான். கொஞ்ச நேரத்தில் சிரித்துக்கொண்டு எழும்பினான். கோச் அவனை வெளியே எடுத்தார். டொக்டரிடம் காட்டச் சொன்னார், அடுத்த ஞாயிறு இறுதிப் போட்டிக்கும் அவன் இல்லை என்றார். இறுதியில் எங்களுக்கு எதிரே நிற்கப்போவது குளத்துக்கு அங்காலை அணி.

அன்றைக்கே என் குசினியில் விசாரணை. கோச் கதிரை நுனியில் குந்தியிருந்தார். தலையில் அடிபட்டால் வெளியே தெரியாது, இரண்டாவது அடிதான் ஆபத்து என்று ஆங்கிலத்தில் ஆறுதலாக, நிறுத்தி நிறுத்தி விளங்கப்படுத்தினார். தன் கண்ணையும் தொட்டுக் காட்டினார். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வேறொரு கேள்வி கேட்டார்.

"நீங்கள் யாருடைய வீட்டில் இருக்கிறீர்கள்?"

"மிஸ்டர் குகதாசன் வீட்டில்."

"அவர் எந்த ஊர் என்று தெரியுமா?"

கோச் யோசித்தார். "அவரும் ஹரோதானே?"

றஜீவன் மேசையில் அடித்துச் சிரித்தார். "நடிப்பைப் பாருங்கோ அண்ணை!"

"அண்ணை, பெடியனை டொக்டரிட்டைக் காட்டுங்கோ," என்றேன் நான். "மிச்சத்தைப் பிறகு பாக்கலாம்."

"நீ பேசாமல் இரு. அவனுக்கு ஒண்டுமில்லை. அங்காலையார் இவனைக் காசு குடுத்து வாங்கிப்போட்டாங்கள்."

கோச்சை வேலையால் நிற்பாட்டினார்கள். அவர் எழுந்து, எனக்கும் தேத்தண்ணீர்க் கோப்பைக்கும் சேர்த்து ஒருமுறை குனிந்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். கோச்சும் வந்திருந்தார், குகதாசனின் காரில். மைதானத்தின் அந்தப் பக்கத்தில் இடது கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எங்கள் பக்கம் முழுக்க அவரைத்தான் பார்த்தது, பந்தை அல்ல. அவரோ, டொக்டரிடம் காட்டாமலே அண்ணன் விளையாட இறக்கிய டெனுசனை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

டெனுசன் தொடக்கத்திலேயே ஒரு கோல் அடித்தான். அண்ணன் துள்ளினார். அங்காலையாரும் ஒன்று அடித்தார்கள். இடைவேளைக்குச் சற்று முன் பந்து டெனுசனின் நெற்றியில் பட்டது. பெரிய அடியில்லை. அவன் நின்று, தலையை ஆட்டிவிட்டு ஓடினான்.

இடைவேளையில் தகப்பனுக்குப் பக்கத்தில் வந்து இருந்தான். தோடம்பழத் துண்டைக் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தான்.

"மச் எப்பயப்பா தொடங்குது?"

அண்ணன் சிரிக்கப் பார்த்தார். "என்னடா, நீ கோலும் அடிச்சிட்டாய்."

"நானோ?" என்றான். பிறகு குனிந்து, குடித்த தண்ணீரெல்லாம் வெளியே வர, கால் சப்பாத்தின்மேல் சத்தி எடுத்தான்.

அண்ணன் எழும்பி, மைதானம் முழுக்கக் கேட்கும்படி, "கோச்! கோச்!" என்று கத்தினார். அந்த மனிதர் அதற்கு முன்பே ஓடத் தொடங்கியிருந்தார். அப்போதும் றஜீவன் என் காதருகில் சொன்னார்: "பாத்தியளே அக்கா, எந்தப் பக்கத்தில இருந்து வாறானெண்டு." அந்த வாயில் அறைய வேண்டும் போல் எனக்கு ஆத்திரம் வந்தது.

கோச் டெனுசனை மெல்லப் பக்கவாட்டில் கிடத்தினார். ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் அம்புலன்ஸுக்குப் போன் அடித்தார். டெனுசனின் கண்கள் சொருகிச் சொருகித் திறந்தன. அண்ணன் புல்லில் முழந்தாளில் விழுந்தார். அழுதுகொண்டே ஆங்கிலத்தில் கேட்டார்:

"இப்படி ஆகுமென்று ஏன் எனக்கு முதலே சொல்லவில்லை?"

கோச் நிமிர்ந்து பார்க்கவில்லை. விரல்கள் அவன் கழுத்தில் நாடி பார்த்துக்கொண்டிருந்தன.

"சொன்னேன்," என்றார். "நீங்கள் நான் யார் வீட்டில் இருக்கிறேன் என்று கேட்டீர்கள்."