மூச்சிருக்கும்போதே

தேர்தலில் வேறு வேறு கட்சிக்கு வேலை செய்ததிலிருந்து நானும் என் கூட்டாளி நஸீரும் கதைக்காமல் இருந்தோம். கல்முனைப் பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுவோம். முகம் பார்க்க மாட்டோம்.

நீருக்கடி ஹொக்கி பழகப் போன இடத்தில் எங்களை ஒரே அணியில் போட்டார்கள். மூச்சை அடக்கி, நீச்சல் தடாகத்தின் அடித்தரையில் ஈய வில்லையைச் சிறு மட்டையால் தள்ள வேண்டும்.

நஸீர் மட்டையை நீட்டிக் காத்திருந்தான். வீம்பில் நானே தள்ளிக்கொண்டு போனேன். கண் இருண்டது. என்னை மேலே இழுத்தவனும் அவன்தான்.

“மவுத்தாகப் போறியாடா? மூச்சிருக்கக்குள்ளயே எனக்குத் தள்ளிவிடு மச்சான்!”

அந்த ‘மச்சான்’ கேட்டு எத்தனை நாள்! மறுபடி முங்கினேன். வில்லை நண்டுபோல் பக்கவாட்டில் ஊர்ந்து அவனிடம் போனது.

இப்போது அவன் கட்டாரில். பிணக்கு வந்தால் மூச்சு முட்டும்வரை நான் காத்திருப்பதில்லை. போனில் முதல் ஸலாம் என்னுடையது.