சுத்தத் தண்ணீர் வரிசை

ஆய்வுக்கூடத்தில் அவளை வெங்காயக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பின்னே? வெங்காயத்தை வதக்குகிறவர்கள் உண்டு, உரித்து அழுகிறவர்கள் உண்டு. வெங்காயத்தை விஷத்தில் உட்காரவைத்துச் சம்பளம் வாங்குகிறவள் இவள் ஒருத்திதான்.

வேலை இதுதான். கண்ணாடிக் குழாய்களில் தாமிரமோ, காட்மியமோ, கண்ணுக்கே தெரியாத வெள்ளித் துகளோ கலந்த தண்ணீரை நிரப்புவாள். ஒவ்வொரு குழாயின் வாயிலும், அடி மட்டும் நனைகிறமாதிரி ஒரு வெங்காயம். வேர் இறங்கியதும் நுனியை நறுக்கி, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைப்பாள். நல்ல வேர் நுனியில் செல்கள் ஒன்று இரண்டாகப் பிரிந்துகொண்டே இருக்கும். உலோகம் ஏறிய வேரில் அந்தப் பிரிதல் அடங்கிப்போகும், குரோமோசோம்கள் துண்டாகிச் சிதறிக் கிடக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க, ஒன்றும் கலக்காத சுத்தத் தண்ணீரில் ஒரு வரிசை கட்டாயம் இருக்கும். அந்த வரிசை மீது அவளுக்குத் தனிப் பிரியம். தாடி மாதிரி வெள்ளை வேர் இறங்கினால் பெற்றவள்போலப் பூரித்துப்போவாள்.

இந்த முறை தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது. "இது ஒத்திகைதானே, நல்ல தண்ணி எதுவா இருந்தாலும் ஊத்துங்க" என்றார் ஆய்வை நடத்தும் மேடம். ஆய்வுக்கூடக் குழாயில் துரு வாடை. வெங்காயக்கா விடுவாளா? "எங்க வீட்டுத் தண்ணிய ஊத்துறேன் மேடம், கண்ணாடி மாதிரி இருக்கும்" என்று பெருமையாகப் பாட்டிலில் கொண்டுவந்து ஊற்றினாள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற வயசா அவளுக்கு?

இன்று காலை வெங்காயங்களைத் தூக்கிப் பார்த்தாள். சுத்தத் தண்ணீர் வரிசை முழுக்கக் குட்டை வேர்கள். நுனி பழுப்பேறி, கொக்கிபோல வளைந்திருந்தது.

"குழாய்களை மாத்தி வச்சிட்டீங்களாக்கா?" என்றார் மேடம்.

"இருக்கும் மேடம்" என்றாள். மாற்றி வைத்திருக்க வேண்டும், கடவுளே, நான் மாற்றித்தான் வைத்திருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. குழாய்களில் ஒட்டியிருந்த சீட்டுகளை மறுபடி பார்த்தாள். எதுவும் மாறவில்லை. நுனியை நறுக்கி மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். பிரிகிற செல்லைத் தேடித் தேடிக் கண் பூத்தது. கிடைத்த ஒன்றிரண்டிலும் குரோமோசோம் உடைந்து கிடந்தது.

வீட்டில் மகள் முழுகாமல் இருக்கிறாள். இப்போதுதான் ஐந்தாம் மாதம்.

பாட்டிலை எதிலிருந்து நிரப்பினோம்? சமையலறை நீல டிரம்மிலிருந்து. டிரம் எங்கிருந்து வந்தது? புருஷன் வேலை பார்க்கும், தாமிரமும் காட்மியமும் புழங்கும் முலாம் பூசும் பட்டறையிலிருந்து. "பிள்ளைத்தாச்சி இருக்கிற வீடு, தண்ணி பத்தல" என்று அவள் புலம்பியதால், காலியாகக் கிடந்ததை ஆசையாகத் தூக்கி வந்தார். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பார் என்று அன்றைக்கு அவளே கேலி செய்து சிரித்தாள்.

விஷயத்தைக் கேட்ட மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது. "வெங்காயம் வேற, மனுஷங்க வேறக்கா. பயப்படாதீங்க. ஆனா இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றார். மற்றதெல்லாம் காற்றோடு போனது. அந்த 'ஆனா' மட்டும் காதில் நின்றது.

ஆய்வுக்கூட வாசலிலிருந்தே வீட்டுக்குப் போன் போட்டாள். "அந்த டிரம் தண்ணியத் தொடாதீங்க! யாரும் தொடாதீங்க!"

வீட்டுக்குள் நுழைந்தபோது, புருஷன் டிரம்மைக் கவிழ்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "சோப்புப் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினேன்டி. வாடைகூட இல்லையே" என்றார். குரல் உடைந்திருந்தது.

"பட்டறை டிரம்முன்னு தெரிஞ்சே அதுல தண்ணி பிடிச்சவ நான். உங்கள மட்டும் என்னத்தச் சொல்ல? எனக்குப் புத்தி எங்க போச்சு?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மகள் கட்டிலில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"நான் பச்சத்தண்ணியே குடிக்கலம்மா. நீதான காய்ச்சிக் குடின்னு சொன்ன? நல்லா சுண்டக் காய்ச்சித்தான் குடிச்சேன். காய்ச்சினா எல்லாம் செத்துடும்ல?"

கிருமி சாகும். உலோகம் சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக, அது பாத்திரத்தில் இன்னும் கெட்டியாகும். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை இன்று நிம்மதியாகத் தூங்கும். வெங்காயக்காவுக்கு அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது.

"இல்லடி கண்ணு" என்றாள். "காய்ச்சினா இது போகாது. எழுந்திரு, டாக்டர்கிட்ட போவோம்."

மகளின் இரண்டு கையும் வயிற்றை மூடிக்கொண்டன.

"பயமா இருக்கும்மா."

"எனக்கும்தான்" என்று சொல்லி, குனிந்து அவள் காலில் செருப்பை மாட்டிவிட்டாள்.